கேரம் பசங்களுக்கு ‘மூளை அலைப் பயிற்சி’: பணம் கட்டும் முன் படியுங்கள்

வியாசர்பாடி இளவழகி 2008ல் உலக சாம்பியன். 2024ல் காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம். அதற்கப்புறம் எங்கள் வடசென்னைப் பக்கம் கேரம் என்றால் கடன் வாங்கியாவது காசு புரட்ட பெற்றோர் தயார். அதைத் தெரிந்துகொண்டு ஒரு பயிற்சி மையம் காசிமேடு, தண்டையார்பேட்டை கிளப்புகளில் நோட்டீஸ் கொடுத்து வருகிறது. தலையில் பட்டை மாட்டி மூளை அலையைப் பழக்குவார்களாம், மேட்ச்சில் கை நடுங்காதாம். எங்கள் கிளப் பசங்க மூன்று பேர் ஆளுக்கு 15,000 ரூபாய் கட்டினார்கள். இருபது வகுப்பு முடிந்து, கலர் கலராக ஒரு ரிப்போர்ட் வந்தது. நடுக்கம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பட்டையில் நெற்றிக்கு இரண்டு உலோகத் தகடு, காதுக்குப் பின்னால் ஒவ்வொன்று. அவ்வளவுதான். மண்டைத் தோலில் கிடைக்கும் மூளை அலை சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் (ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோவோல்ட்). ஒரு தடவை கண் சிமிட்டினாலே அதை முழுங்கிவிடும். இவர்கள் ‘பதற்றம்’ என்று சிவப்பில் காட்டுவது பீட்டா அலை, அதாவது நொடிக்கு 13 முதல் 30 துடிப்பு (ஹெர்ட்ஸ்). நெற்றியைச் சுருக்கினாலும் பல்லைக் கடித்தாலும் தசையின் மின்சாரம் வந்து விழுவது அங்கேயேதான். பசங்க மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்: வாயை லேசாகத் திறந்து நெற்றியைத் தளர்த்தினால் மார்க் ஏறும். ஏறியது.

கட்டும் முன் டெமோ கேளுங்கள். கண்ணை மூடிப் பத்து நொடி இருந்தால் 8–13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை ஏறி, திறந்ததும் இறங்க வேண்டும். இது 1929ல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் எழுதிய சங்கதி. ஆனால் ஆல்ஃபா பலமாகத் தெரிவது பின்மண்டையில். நெற்றியில் இருக்கும் தகடுகளுக்கு அது பலவீனமாகத்தான் எட்டும். அடுத்து பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். ‘பதற்றம்’ எகிறினால் கதை முடிந்தது. கடைசியாக, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்து, அதன் மேல் பட்டையை மாட்டுங்கள். அதற்கும் ‘அமைதி 70%’ என்று வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

மையத்தின் சுவரில் ஒட்டியிருந்த வரைபடமெல்லாம் கோல்ஃப். பட்டிங் (பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விடுவது) செய்யும்போது மூளை அலையை அளந்த ஆய்வுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் கோல்ஃபில் குழி 108 மில்லிமீட்டர், எதிராளி ஒதுங்கி நிற்பான். கேரமில் பாக்கெட் 44.5, காய் 31 சொச்சம், எதிராளி மூக்குக்கு நேரே, கையில் 15 நொடி. அதை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. கோல்ஃபிலிருந்து எடுக்க வேண்டியது வேறு: கனடா ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1992ல் காட்டியது. நல்ல ஆட்டக்காரர்கள் அடிக்கும் முன் இரண்டு மூன்று நொடி பந்தின் மேலேயே கண்ணை நிறுத்துகிறார்கள், அடித்த பிறகும் கொஞ்ச நேரம் எடுப்பதில்லை. இதற்கு மிஷின் வேண்டாம்.

‘முன்னேற்றம்’ காட்டிய விதத்தையும் கேளுங்கள். முதல் நாள் காய்ந்த போர்டில் 20 ஷாட், 9 விழுந்தது. கடைசி நாள் போரிக் பவுடர் போட்டுத் தேய்த்த போர்டில் 13. பவுடரை விட்டுவிட்டாலும், 20 ஷாட்டில் நான்கு கூடுவது குறைவது காலைக்கும் மாலைக்குமே நடக்கும். ஐந்து நாள், நாளுக்கு 20, அதே போர்டு, அதே ஸ்ட்ரைக்கர், சாக்பீஸால் குறித்த அதே இடங்கள். அப்படி எடுத்த நூறைத்தான் ஒப்பிடலாம்.

இதைவிட மோசம், பெயர் கிழித்த அட்டையில் ‘படபடப்புக்கு’ என்று கொடுத்த மாத்திரை. இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் வகையாக இருந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சே அடைக்கலாம். மூவரில் ஒருவனுக்கு வீசிங் உண்டு, யாரும் கேட்கவில்லை. கோல்ஃப் போட்டியில் அந்த வகை தடை செய்யப்பட்ட மருந்து.

காசில்லாமல் செய்யக்கூடியது இது. ஸ்ட்ரைக்கரை இரண்டு கோடும் தொடும்படி வைத்ததும் மூன்று எண்ணி மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணி விடுங்கள். விடும்போதே கண் காயின் பின்விளிம்பில், ஸ்ட்ரைக்கர் படவேண்டிய அந்தப் புள்ளியில் நிற்கட்டும். மூச்சு முடியும் இடத்தில் அடி. காய் விழுந்த சத்தம் கேட்கும் வரை கண்ணைத் தூக்காதீர்கள். பாக்கெட்டை எட்டிப் பார்ப்பதாலேயே ஷாட் கெடலாம். பழகியதும் பத்துப் பேரை நிற்க வைத்து, ரெட் போட்டு ஃபாலோ (ரெட்டைத் தொடர்ந்து தன் காயையும் போடுவது), ஒரே சான்ஸ் என்று ஆடவிடுங்கள்.

டீ கிளாஸ் பிடித்தாலும் கை ஆடினால், அல்லது ஷாட் அடிக்கும்போது மட்டும் விரல் தானாக இழுத்தால், அது பயம் மட்டும் இல்லாமல் இருக்கலாம். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.

ஏற்கனவே கட்டியவர்கள் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட், மாத்திரை அட்டை நான்கையும் பத்திரமாக வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.