கொக்குத்தீவா, தாளிப்பனைத் தோட்டமா: மொரீஷியஸில் எல்லாப் பிள்ளைகளுக்குமான இயற்கை முகாம்

எங்கள் கோவில் சங்கத்தின் இளைஞர் பிரிவு ஆண்டுதோறும் குளிர்கால விடுமுறையில் பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் இயற்கை முகாம் நடத்திவருகிறது. சக்கர நாற்காலியில் வருபவர்கள், பார்வையோ செவித்திறனோ குறைந்தவர்கள், கூட்டமும் இரைச்சலும் கண்டால் பதறுபவர்கள் என எல்லாரையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, 'எங்கே போவது' என்ற பழைய கேள்வியோடு 'யாரோடு போவது' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மூன்று இடங்களில் முகாம் நடத்தியும் நான்காவது ஒன்றைப் பார்த்துவிட்டுக் கைவிட்டும் தெரிந்துகொண்டதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் இல்-ஓ-செக்ரெத், அதாவது கொக்குத்தீவு. தென்கிழக்குக் கரை ஊரான மாயேபூருக்கு அருகே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், 26 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் இந்தப் பவளப்பாறைத் தீவு 1965 முதல் இயற்கைக் காப்பிடம். மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. கடலோர வறண்ட காட்டின் கடைசி மிச்சங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. கருங்காலி மரமும் இளஞ்சிவப்புப் புறாவும் ஒரே நடையில் கண்ணில் படும். அழிந்துபோன நம் ஆமைகளின் வேலையைச் செய்வதற்காகக் கொண்டுவந்து விடப்பட்ட அல்டாப்ரா ஆமைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதையும் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். ஒரு தீவின் காடு எப்படி அழிந்தது, எப்படி மீட்கப்படுகிறது என்பதை இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடிய வேறு இடம் நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் அங்கே போகப் படகு வேண்டும். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் படகு ஆடும். தீவின் தரையோ பவளப்பாறையின் கரடுமுரடு. நாங்கள் முதன்முறை போனபோது சக்கர நாற்காலியில் வந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை, நாற்காலியோடு இரண்டு பேர் அலாக்காகத் தூக்கிப் படகில் வைத்தார்கள். எல்லாரும் கைதட்டினோம், படமும் எடுத்தோம். மாலையில் திரும்பும்போது அவன் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் அமைதியாக ஒன்று சொன்னான்: "அடுத்த தடவை என்னைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள்." படகுக்காரர்கள்மேல் குற்றமில்லை. படகில் ஏறுவது எப்படி என்று ஒரு வாரத்துக்கு முன்பே அவனிடமும் அவன் தாயிடமும் பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இதற்கு நேர்மாறானது பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டம். சமதரை, அகலமான பாதைகள், நிழல், உட்கார இடம் எல்லாம் உண்டு. சக்கர நாற்காலியை யாரும் தூக்க வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் மொலுக்காத் தீவுகளிலிருந்து கிராம்பையும் ஜாதிக்காயையும் வரவழைத்து வளர்த்த மண் இது. வாசனை மரங்களுக்குக் குறைவில்லை. பார்வையற்ற சிறுமி ஒருத்தி, கசக்கிய இலையை முகர்ந்த மறுகணமே "இது அம்மா கறித்தூள் இடிக்கிற நாள்" என்றாள். அதுவரை அவளுக்கு ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாங்களும் கண்ணை மூடிக்கொண்டு இலை இலையாக முகரத் தொடங்கினார்கள். அந்த அரைமணி நேரம் அவள்தான் வழிகாட்டி. தாளிப்பனையும் அங்கே உண்டு. பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் மரம் அது. அதன் ஓலையிலும் தமிழகத்திலும் இலங்கையிலும் சுவடி எழுதினார்கள் என்று சொன்னபோது, தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள் மரத்தை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

இது தோட்டம்தானே, காடு இல்லையே என்ற மறுப்பு நியாயமானது. இங்குள்ள மரங்களில் பல வேறு நாடுகளிலிருந்து வந்தவை. மொரீஷியஸின் சொந்தக் காடு எப்படியிருக்கும் என்பதை இந்தத் தோட்டம் சொல்லித் தராது. இரவு தங்கவும் முடியாது. அதனால் வடகரையில் ஆன்ஸ் லா ரேயிலுள்ள அரசு இளைஞர் மையத்தைப் போன்ற ஓர் இடத்தில் படுக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி ஏற்பாடு செய்பவர்கள் குளியலறைக் கதவின் அகலத்தைத் தாங்களே நாடா பிடித்து அளந்து பார்க்க வேண்டும். 'வசதி உண்டு' என்று தொலைபேசியில் கேட்ட பதிலை நம்பி ஓரிடத்துக்குப் போய், கதவு நான்கு விரல் குறுகலாக இருந்ததால் ஒரு பிள்ளை இரண்டு நாளும் வீட்டுக்குப் போய் வரவேண்டியதாயிற்று.

மூன்றாவது இடம் பெத்ரேன். 1994இல் அறிவிக்கப்பட்ட, 6574 ஹெக்டேர் பரப்புள்ள பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவின் மேட்டுநில வாயில் அது; புனித ஏரியான கங்கா தலாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போயிருப்பார்கள். 1974இல் காட்டில் நான்கே நான்கு மொரீஷியஸ் வல்லூறுகள்தாம் எஞ்சியிருந்தன என்ற செய்தியை இந்தக் காட்டுக்குள் நின்று சொன்னால் அதன் கனமே வேறு. இங்கே முகாம் வேலையாகவே அமையும். சீனக் கொய்யா, நாம் ஆசையாகப் பறித்துத் தின்னும் அந்தச் சிவப்புப் பழம்தான், சொந்த மரங்களை மூச்சுவிட முடியாமல் நெருக்கிவிடுகிறது. தேசியப் பூங்காச் சேவையின் அனுமதியோடு அதன் கன்றுகளைப் பிடுங்குவது பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த இடம் மற்ற இரண்டையும்விட ஏற்றது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே பேச்சு குறைவு, கைவேலை அதிகம். ஆனாலும் இரண்டு பாடங்களைப் பட்டுத்தான் கற்றோம். வழிகாட்டிகள் முன்னால் நடந்துகொண்டே முதுகுப்புறமாகப் பேசினால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. நின்று, திரும்பி, பிறகுதான் பேச வேண்டும். அடுத்தது ஈரம். பெத்ரேனில் ஜூலைக் குளிர்காலத்து மூடுபனியும் தூறலும் காதுக் கருவியைக் கெடுத்துவிடும். இரவில் அவற்றைக் கழற்றி அரிசி போட்ட மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள் என்று ஒரு பாட்டி சொன்னார். அந்த ஆண்டு முதல் எங்கள் சாமான் பட்டியலில் அரிசி டப்பாவும் உண்டு. சக்கர நாற்காலிக்கு இங்குள்ள காட்டுப்பாதைகள் சரிப்படாது என்பதையும் மறைக்கக்கூடாது.

வடகிழக்கிலுள்ள ப்ரா தோ தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். தரை ஓரளவு சமம், பழைய சர்க்கரை ஆலையின் இடிபாடும் உண்டு; ஆனால் மூன்று நாளைக்கு அது போதாது.

இனி யாரோடு என்ற கேள்வி. பணம் தரும் நிறுவனங்களைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். நிறுவனங்கள் வரிக்குரிய வருமானத்தில் 2% சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அந்தக் கதவைத் தட்டுவதில் தவறில்லை. எங்களுக்குப் பேருந்துச் செலவைத் தந்த ஒரு நிறுவனம், பதாகையைப் பிடித்துக்கொண்டு சக்கர நாற்காலிப் பிள்ளைகள் மட்டும் முன்வரிசையில் நிற்கும் படம் வேண்டும் என்றது. படம் கொடுக்கவில்லை. மறு ஆண்டு பணமும் வரவில்லை. இப்போது படம் யார் எடுக்கலாம், எங்கே வெளியிடலாம் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்கிறோம்.

கோவில் சங்கத்தின் பலம் வேறு. சமையலறையும் பாத்திரமும் அதிகாலையில் எழுந்து வரும் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். வாழையிலையில் சைவமான ஏழு கறிச் சாப்பாடு போட்டால் எந்த மதத்துப் பிள்ளையும் தயங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது: அழைப்பு கோவில் பெயரில் போனால் கிறிஸ்தவ, முஸ்லிம் பெற்றோரில் சிலர் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே அழைப்பைக் கிராம சபையின் பெயரிலும் சமையலைக் கோவிலின் பொறுப்பிலும் வைத்தோம். வருகை அந்த ஆண்டே கூடியது.

இவர்கள் எல்லாரையும்விட முதலில் அணுக வேண்டியவர்கள் மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் சங்கங்களும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் என்பதே என் முடிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2010இல் ஏற்றது, சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஆணையச் சட்டம் 2018இல் வந்தது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு இரவு எத்தனை மணிக்கு மருந்து, எந்தச் சத்தம் ஆகாது, பதறினால் யார் அருகில் நிற்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இருக்காது. முன்பெல்லாம் இடத்தை முடிவுசெய்த பிறகு அவர்களைக் கூப்பிடுவோம். அது தலைகீழான முறை.

வேலையைச் சரியாகப் பிரித்தால் எல்லாருக்கும் இடம் உண்டு என்பதை 2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பலின் எண்ணெய் கசிந்தபோது மாயேபூர்க் கரையில் பார்த்தோம். கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்து எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவை செய்த அந்த நாட்களில், சுமப்பவர் சுமந்தார், உட்கார்ந்து தைக்க முடிந்தவர் தைத்தார்.

இந்த ஆண்டு முதல் நாள் பாம்பிள்மூஸ், இரண்டாம் நாள் காலை விரும்புகிறவர்களுக்கு மட்டும் கொக்குத்தீவு, பெரிய பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் பெத்ரேன் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவாயிற்று. தீவுக்குப் போகாதவர்களுக்குக் கரையிலேயே வேறு நிகழ்ச்சி இருக்கும், அது ஆறுதல் பரிசாகத் தோன்றாதபடி வழிகாட்டிகளில் அனுபவமுள்ளவரையே அங்கே நிறுத்துகிறோம். நாற்காலிப் பையனிடமும் கேட்டோம். படகுதான் வேண்டுமாம், யார் தூக்குவது என்பதை அவனே சொல்வானாம்.