ஊட்டித் தோட்டத்தில் பொன்னிலை ரொபீனியா: வளர்த்த அனுபவம்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஊட்டித் தோட்டத்தில் மூடுபனியும் சாரலும்தான். சுற்றிலும் ஒரே கரும்பச்சையாக இருக்கும். அந்த மாதங்களில் கண்ணுக்கு வெளிச்சமாக ஏதாவது வேண்டும் என்று ரொபீனியா மரத்தின் மஞ்சள் இலை ரகமான ‘ஃப்ரிசியா’ ஒட்டுக்கன்று வைத்தோம். இப்போது கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

தாய் மரமான பச்சை இலை ரொபீனியா வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. இந்த ரகம் 1935-இல் நெதர்லாந்தில் கிடைத்தது. துளிர் விடும்போது பளிச்சென்ற பொன்மஞ்சள், மழைக்காலத்தில் பச்சை கலந்த மஞ்சள், உதிரும் முன் லேசான ஆரஞ்சு. அகத்தி மாதிரி சிற்றிலைகள். பொழுது சாய்ந்ததும் அவை கீழ்நோக்கி மடிந்து தொங்குவதைப் பார்க்கவே நான் வெளியே வருவதுண்டு. ஆனால் நல்ல வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் மஞ்சள் மங்கிப் பச்சையாகிவிடும், அப்புறம் இந்த மரம் வைத்ததற்கே அர்த்தமில்லை.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் பாத்தியில் உருளைக்கிழங்குச் செடி கருகும். இதற்கு ஒன்றும் ஆவதில்லை. அப்போது கருகுவதற்கு இலையே இருக்காது. மொட்டையாக நிற்பதால் குளிர்கால வெயில் நேராக வீட்டுக்குள் வரும். எனக்கு மரத்தின் நிறத்துக்குச் சமமாகப் பிடித்தது இதுதான். அவரைக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சிலேயே தழைச்சத்து தேடிக்கொள்ளும், உரம் கேட்காது. தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

சரி, தொல்லைகள். கிளை சுலபமாக முறியும். தென்மேற்குப் பருவக்காற்று நேராக அடிக்கும் மேட்டில் வைக்காதீர்கள். கவை பிரிந்த இடத்தில் பிளந்துகொள்ளும் என்பதால் இளமையிலேயே ஒரே தண்டாக வளர்த்துவிடுவது நல்லது. இலை விடும் பருவத்தில் வெட்டினால் சாறு வடியும். மழை ஓய்ந்த பிறகுதான் நாங்கள் கவாத்து செய்கிறோம். இளங்கிளையில் ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இரண்டிரண்டாகச் செம்பழுப்பு முள் இருக்கும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பட்டையும் இலையும் விதையும் விஷம். ஊட்டியில் குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. பட்டையைக் கடித்தால் அவற்றுக்கு ஆபத்து. வேலிக்கு வெளியே நடவே கூடாது.

பெரிய வேலை வேர்க்கன்றுதான். மண்வெட்டி வேரில் பட்ட இடத்திலெல்லாம் முளைக்கும். ஒட்டுக் கட்டிய அடிக்கட்டை சாதாரண ரொபீனியா என்பதால் முளைப்பது பச்சை இலைதான், மஞ்சள் அல்ல. மேலாக வெட்டினால் இன்னும் கொழுத்து வரும். மண்ணை விலக்கி, வேரோடு சேரும் இடத்தில் பிய்த்து எடுக்க வேண்டும். மரத்தடியில் காய்கறிப் பாத்தி போடாமல் புல்லாக விட்டுவிட்டால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளமாகச் சொல்வேன். உங்கள் நிலம் சோலைக்காட்டையோ மலைப் புல்வெளியையோ ஒட்டி இருந்தால் மட்டும் வேண்டாம். ஐரோப்பாவில் ரொபீனியா காட்டுக்குள் பரவிச் சிக்கலாகியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம் (வாட்டில்) நம் புல்வெளிகளை எப்படி மூடியது என்று பார்த்த மலை இது. அங்கே இடமிருந்தால் நாவலோ காட்டுப்பூவரசோ (மலை ரோடோடென்ட்ரான்) வையுங்கள்.