வால்பாறையில் ஒரு சிறிய ட்ரோனுடன் மூன்று ஆண்டுகள்

2021 இறுதியில் வாங்கிய டி.ஜே.ஐ. மினி 2 ட்ரோன், அதன்பின் நான் மேற்கொண்ட எல்லா வால்பாறைப் பயணங்களிலும் உடன் வந்திருக்கிறது. 249 கிராம் எடையும் தோள்பையில் அடங்கிவிடும் அளவும், ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்பவருக்குப் பெரிய வசதி. படத்தின் தரத்திலும் எனக்குக் குறையில்லை. சொல்ல வேண்டியது திட்டமிடலைப் பற்றித்தான்.

250 கிராம் வரையுள்ள நானோ வகையை இயக்க உரிமம் தேவையில்லை என்று 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் கூறுவதை, எங்கும் பறக்கவிடலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ட்ரோன் பறக்கக்கூடிய வான்வெளியைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தின் பச்சை நிறம் வான்வெளியை மட்டுமே குறிக்கிறது. வால்பாறையைச் சூழ்ந்திருக்கும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறையின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஆகவே, காப்பகத்தையும் சோலையாறு, நீராறு அணைப் பகுதிகளையும் முதலில் விலக்கிவிட்டு, எஞ்சும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே அறை பதிவு செய்கிறேன்.

மலையில் என்னை அதிகம் சோதித்தது உயரக் கணக்கு. திரையில் தெரியும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. அதன் அடியிலுள்ள தரையிலிருந்து அன்று. பள்ளத்தில் நின்று 60 மீட்டர் உயர்த்தி, மேட்டை நோக்கிச் செலுத்தினால், தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் உச்சிக்கு மிக அருகில் அது வந்துவிடும். முதல் ஆண்டில், ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும்போது பறக்க வேண்டிய உயரத்தை 40 மீட்டராக வைத்துவிட்டு, இடையில் ஒரு மேடு இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. முன்பக்கத் தடை உணரி இல்லாத ட்ரோன் நேர்கோட்டில் திரும்பி வந்து கிளையில் மோதி விழுந்தது. இறக்கைகளை மாற்றியதோடு தப்பினேன். அன்றுமுதல், கண்ணுக்கெட்டிய பகுதியில் மிக மேடான இடத்தில் நின்றுதான் கிளப்புகிறேன். மேட்டில் நின்றால் மலைமுகடு குறுக்கிட்டுத் தொடர்பு துண்டிக்கப்படுவதும் பெரும்பாலும் இல்லாமல் போகிறது.

மின்கலம் 31 நிமிடம் தாங்கும் என்பது காற்றில்லாத நிலைக்கான அளவு. நான் இருபதாவது நிமிடத்திற்குள் இறக்கிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுத்துச் செல்வதே வீண். மற்ற மாதங்களிலும் காலை ஏழு முதல் ஒன்பது வரைதான் எனக்கு நல்ல நேரம். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் மூடுபனி, சில நிமிடங்களிலேயே ட்ரோனைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

வானம் தெளிந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே பெரிய இருவாச்சி கூடு கட்டும் காலமும் என்பது, படமெடுப்பவர் எவரும் மறக்கக் கூடாத செய்தி. மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்கும் பெண்பறவை, ஆண்பறவை கொண்டுவரும் பழங்களை நம்பியே வாழ்கிறது. ட்ரோனின் இரைச்சலுக்கு அஞ்சி ஆண்பறவை வராமல் நின்றால், அதன் விலையைப் பொந்துக்குள் இருப்பவை கொடுக்க நேரும். தோட்டங்களுக்கிடையே தப்பி நிற்கும் சிறு காட்டுத் துண்டுகளிலும் இருவாச்சிகள் கூடு வைக்கின்றன. எனவே, அனுமதி பெற்ற தோட்டமாயினும், அங்குள்ள தொழிலாளர்களிடம் கூட்டுமரம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கத்தை முழுவதுமாகத் தவிர்த்துவிடுகிறேன். சென்ற மார்ச்சில் அப்படிக் கேட்டபோது, நான் நிற்க நினைத்திருந்த மேட்டுக்கு நேர் கீழேயே ஒரு கூடு இருப்பது தெரிந்தது. அன்று பையைத் திறக்கவில்லை.