ஜெரேனியம் துருவுக்கு எந்த மருந்து? எம்-45, சாஃப், கான்டாஃப் – ஓர் ஒப்பீடு

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் தொட்டியில் ஜெரேனியம் வைத்திருப்பவர்கள் இலையில் மஞ்சள் புள்ளியோடு உரக்கடைக்குப் போனால், பெரும்பாலும் கையில் வருவது சாஃப் பாக்கெட்தான். எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே மருந்து என்ற பெயர் அதற்கு. ரோஜாவின் கரும்புள்ளிக்கு நல்ல மருந்துதான், மறுப்பில்லை. ஆனால் ஜெரேனியத்தில் வரும் துரு என்ற பூஞ்சை நோய்க்கு அதை வாங்குவது பாதிக் காசு வீண். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், வந்திருப்பது துருதானா? இலையின் மேல்பக்கம் சிறு மஞ்சள் புள்ளி. அதே இடத்தில் அடிப்பக்கம் பழுப்புக் கொப்புளம், முற்றினால் வட்டத்துக்குள் வட்டமாகப் பரவியிருக்கும். வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் செங்கல் நிறப் பொடி ஒட்ட வேண்டும். பொடி வராமல் தக்கை மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அது நோயே இல்லை, நீர் அதிகமானதால் வரும் வீக்கம். தொங்குதொட்டியில் வளரும் ஐவி ஜெரேனியத்தில் இதுதான் அதிகம் வரும். இலை ஓரத்திலிருந்து ஆப்பு வடிவில் மஞ்சளாகி, செடியும் வாடினால் பாக்டீரியா. அதற்கு இங்கே சொல்லும் எந்த மருந்தும் பயன்படாது, செடியைத் தொட்டியோடு அப்புறப்படுத்துவதுதான் வழி.

துருவை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் பக்சீனியா பெலர்கோனி-சோனாலிஸ். பூர்வீகம் தென்னாப்பிரிக்கா, 1960களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. இலையில் கருவளையம் உள்ள சாதாரண ஜெரேனியம்தான் இதற்கு முக்கிய இரை. ஐவி வகைகள் பெரும்பாலும் தப்பிவிடும். பூஞ்சையின் வித்து (அந்தச் செங்கல் நிறப் பொடிதான்) முளைக்க 16 முதல் 21 டிகிரி வெப்பமும், இலையில் சில மணி நேரம் நிற்கும் ஈரமும் போதும். மலைப்பகுதியின் மழையும் மூடுபனியும் இதை அப்படியே கொடுக்கின்றன. சென்னை, மதுரை வெயிலில் ஜெரேனியத்துக்குத் துருவைவிட வேர் அழுகல்தான் பெரிய தொல்லை.

இண்டோஃபில் எம்-45 (மேன்கோசெப் 75%)

தடுப்புக்கு முதலிடம் இதற்குத்தான். லிட்டருக்கு 2 கிராம். இலையின் மேலேயே தங்கி, விழும் வித்தை முளைக்கவிடாமல் தடுக்கும், இலைக்குள் போகாது. அதனால் ஏற்கெனவே நுழைந்துவிட்ட நோயை இது தொடாது. தெளித்த பத்து நாளில் புதுக் கொப்புளம் வந்துவிட்டதே என்று மருந்தைக் குறை சொல்வார்கள். அந்தக் கொப்புளம் தெளிப்பதற்கு முன்பே உள்ளே உருவாகிக்கொண்டிருந்தது. வித்து விழுந்து கொப்புளம் வெடிக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. மழையில் கழுவிப் போகும். மழை மாதங்களில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை தெளித்தால்தான் பலன். இலையில் மஞ்சள் படிவு தங்கும், விரிந்த பூவிலும் கறை விழும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பூவைக் கிள்ளிவிட்டுத் தெளிப்பது நல்லது. இது நீரில் கரையாது, மிதக்கும். நேராக வாளியில் கொட்டினால் கட்டி தட்டி, தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்த்து, தெளிக்கும்போது நடுநடுவே குலுக்க வேண்டும். கரைத்ததை அன்றே முடித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 இறுதியில் உடல்நலக் காரணங்களால் இந்த மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், குறிப்பாகப் பொடியை அளக்கும்போது.

சாஃப் (கார்பென்டாசிம் 12% + மேன்கோசெப் 63%)

கார்பென்டாசிம் பல பூஞ்சைகளுக்கு எதிரி, ஆனால் துருப் பூஞ்சைகள் அதற்கு மசிவதில்லை. ஆக, துருவுக்கு இந்தப் பாக்கெட்டில் வேலை செய்வது மேன்கோசெப் மட்டுமே. கணக்கும் இதையே சொல்கிறது: லிட்டருக்கு 2 கிராம் எம்-45 கலந்தால் 1.5 கிராம் மேன்கோசெப் கிடைக்கும். அதே 2 கிராம் சாஃபில் 1.26 கிராம்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தடுப்புக்குப் பயன்படுத்தித் தீர்க்கலாம். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

கான்டாஃப் (ஹெக்சகோனசோல் 5%)

நோய் வந்த பிறகு எடுக்க வேண்டியது இதுபோன்ற ஊடுருவும் மருந்துதான். இலைக்குள் புகுந்து, பரவிக்கொண்டிருக்கும் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தும். லிட்டருக்கு 1 மில்லி போதும். மூடியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் எடுங்கள். ஏனென்றால் ஹெக்சகோனசோல் சேர்ந்த ட்ரையசோல் குடும்பத்து மருந்துகளுக்குச் செடியின் வளர்ச்சியைக் குறுக்கும் குணம் உண்டு: அளவு கூடினாலோ அடிக்கடி தெளித்தாலோ இலை சிறுத்து, கரும்பச்சையாகி, கணு நெருங்கி நின்றுவிடும். 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை, அத்தோடு சரி. டில்ட் என்ற பெயரில் வரும் புரோப்பிகோனசோலும் இதே குடும்பம். அதற்கும் இதே எச்சரிக்கை.

பழைய மஞ்சள் புள்ளி மறையாது, அதை வைத்து மருந்தை எடைபோடாதீர்கள். கொப்புளம் காய்ந்து, தேய்த்தால் பொடி வராமல் இருக்கிறதா, புதிதாக விரியும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது முறைக்குப் பிறகும் புதுப் பொடி கண்டால் மூன்றாவது முறை அதையே தெளிக்காமல், வேறு குடும்பத்தைச் சேர்ந்த அமிஸ்டாருக்கு (அசாக்சிஸ்ட்ரோபின் 23%) மாறுங்கள்; அதுவும் லிட்டருக்கு 1 மில்லிக்கு மேல் வேண்டாம்.

எந்த மருந்தானாலும் லேபிளில் நெல், மா, திராட்சை என்று இருக்குமே தவிர ஜெரேனியம் இருக்காது. அதனால் ஒரே ஒரு செடியில் தெளித்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். தெளிப்பானின் முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். கொப்புளம் வெடிப்பது அடிப்பக்கம், மருந்து படவேண்டியதும் அங்கேதான். ஜெரேனியம் இலை ரோமம் உள்ளது, தண்ணீர் உருண்டு ஓடிவிடும். சிறிது ஒட்டுத் திரவம் சேர்த்தால் நிற்கும். வேப்பெண்ணெயை நம்பித் துருவுள்ள செடியை விட்டுவைப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆரம்பத் தடுப்புக்கு ஏதோ கொஞ்சம் உதவும், அவ்வளவே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துரு பிடித்த இலையைப் பறிக்காமல் தெளித்தால் இந்த மூன்றில் எதுவுமே தோற்கும். ஒரு கொப்புளத்திலிருந்து எண்ணற்ற வித்துகள் கிளம்பும். இலையைச் சும்மா கிள்ளினால் பொடி பக்கத்துத் தொட்டியில் கொட்டும். பிளாஸ்டிக் பையை இலைமேல் கவிழ்த்து, பைக்குள்ளேயே காம்பை ஒடித்து, வாயை முடிந்துவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது, உதிர்ந்த இலையில் வித்து பல வாரம் உயிரோடு இருக்கும். பாதிக்கு மேல் இலை போன செடிக்கு மருந்துச் செலவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம். இந்தப் பூஞ்சை உயிருள்ள ஜெரேனிய இலையில்தான் வளரும், மண்ணில் வளராது.

தண்ணீரைக் காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிகள் ஒன்றோடொன்று இலை உரசாத தூரத்தில், மழை நேராக விழாத கூரையடியில் இருந்தால் தெளிக்க வேண்டிய தடவை குறையும். துரு வந்த தாய்ச்செடியில் பச்சையாகத் தெரியும் தண்டையும் பதியனுக்கு வெட்டாதீர்கள். நர்சரியிலிருந்து வரும் புதுச்செடி மூன்று வாரம் தனியே நிற்கட்டும்.

இருபது தொட்டிக்கு ஒரு தெளிப்புக்கு சுமார் ஒரு லிட்டர் கரைசல் ஆகும், அதாவது 2 கிராம் எம்-45. ஆகவே அரைக் கிலோ பாக்கெட்டைக் கடைக்காரர் நீட்டினாலும் 100 கிராம் கேட்டு வாங்குங்கள். பிரித்த பாக்கெட் ஈரம் இழுத்தால் வீரியம் போய்விடும். கான்டாஃபும் இருப்பதில் சிறிய பாட்டில் போதும், அதையும் துரு கண்ட பிறகு வாங்கினால் போதும். தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்கி, குழந்தைகள் கைக்கு எட்டாத உலர்ந்த அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.