பத்தாயிரம் ரூபாய் பட்ஜெட்டில் ஒரு போன்: கேலக்ஸி எம்06 5ஜி வாங்கலாமா?

அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். முன்பு மாதிரி யாரும் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அளவு ஜாக்கெட் மட்டும் பையில் வருகிறது, கழுத்து டிசைனும் கை டிசைனும் வாட்ஸ்அப்பில் படமாக வந்துவிடுகின்றன, கூலியும் ஜிபேயில் விழுகிறது. அதனால் கத்தரி, இஞ்ச் டேப் மாதிரி போனும் அவருக்குத் தொழில் சாமான்தான்.

பழைய போனில் 3 ஜிபி ரேம் (திறந்திருக்கும் ஆப்களைத் தாங்கும் தற்காலிக இடம்), 32 ஜிபி ஸ்டோரேஜ் (படங்களும் ஆப்களும் நிரந்தரமாகத் தங்கும் இடம்). கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம், வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில், இடம் இல்லை என்று சொல்லி ஒரு டிசைன் படம் இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா போனுக்கு அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துத்தான் அம்மா துணியை வெட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புது போன் தேட ஆரம்பித்துவிட்டேன். பட்ஜெட் பத்தாயிரம், மிஞ்சினால் பன்னிரண்டாயிரம்.

முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் ஒரு போனை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுல 12 ஜிபி ரேம் இருக்கும்மா" என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 6 ஜிபிதான் நிஜம். மீதி 6 ஜிபி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கி ரேம் மாதிரி காட்டுவது. ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது, அதனால் அந்தக் கணக்கைக் கூட்டி ஒரு போனை எடை போடக் கூடாது. சாம்சங், ரெட்மி, ரியல்மி என்று எல்லோரிடமும் இந்த வசதி உண்டு. ரேமை 6+6 என்று பிளஸ் போட்டு எழுதியிருந்தால் முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

கடைசியில் ஆன்லைனில் வாங்கியது சாம்சங் கேலக்ஸி எம்06 5ஜி. 2025 பிப்ரவரி கடைசியில் இந்தியாவில் வெளியானது. அறிமுக விலை 4 ஜிபி ரேமுக்கு 9,999, 6 ஜிபிக்கு 11,499. இரண்டிலும் ஸ்டோரேஜ் 128 ஜிபி. நான் எடுத்தது 6 ஜிபி.

இதை எடுத்ததற்கு முதல் காரணம் கேமராவும் இல்லை, 5ஜியும் இல்லை, அப்டேட். நாலு ஆண்ட்ராய்டு வெர்ஷன், நாலு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருவதாக சாம்சங் சொல்கிறது. இந்த விலையில் பல போன்களுக்கு இரண்டு வெர்ஷனோடு கதை முடிந்துவிடும். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அம்மா மாதிரி ஆட்களின் பேங்க் கணக்கே அந்த போனில்தான் இருக்கிறது. வாங்கிய இரண்டாம் வருஷமே பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஒரு போனில் தினமும் பின் நம்பர் போட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்தாயிரம் கொடுத்து வாங்கும் வீட்டில் வருஷத்துக்கு ஒரு போன் மாற்ற மாட்டார்கள், நாலு வருஷம் ஓட்டத்தான் பார்ப்பார்கள்.

போனின் மூளையான சிப் மீடியாடெக் டைமென்சிட்டி 6300. அதில் வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் கோர் எட்டு, அதில் வேகமானவை இரண்டு. பெரிய கேம் விளையாட இது போதாது. வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, நடுவில் ஒரு கால் என்று மாறி மாறிப் போவதற்குப் போதும். நான் முதல் நாள் ஒரு வேலை செய்தேன். யூடியூபில் ஒரு தையல் வீடியோவை ஓடவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைத் திறந்து, ஜிபேயில் கியூஆர் காட்டி, திரும்ப யூடியூபுக்கு வந்தேன். விட்ட இடத்திலேயே வீடியோ நின்றிருந்தது. பழைய போனில் ஒவ்வொரு தடவையும் ஆப் முதலிலிருந்து திறக்கும், வாசலில் காசு அனுப்பியவர் காத்துக்கொண்டு நிற்பார். 6 ஜிபிக்குக் கொடுத்த கூடுதல் 1,500 இதற்காகத்தான்.

அப்புறம் டிஸ்பிளே. இந்த போனில் நன்றாக யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். 6.7 இஞ்ச் பெரிய ஸ்கிரீன், ஆனால் எச்டி பிளஸ் மட்டுமே, அதாவது 720க்கு 1600 பிக்சல் (படத்தை உண்டாக்கும் புள்ளிகள்). இஞ்சுக்கு 260 பிக்சல் சொச்சம்தான் வரும். வீடியோவில் இது பெரிதாகத் தெரியாது, எழுத்தில் தெரியும், அதிலும் தமிழ் எழுத்தில். ண, ன இரண்டுக்கும் சுழியில்தான் வித்தியாசம், ஃபாண்டைச் சின்னதாக வைத்தால் அந்தச் சுழியின் ஓரம் மெழுகு மாதிரி உருகி மங்கிவிடும். அம்மாவுக்கு எப்படியும் பெரிய எழுத்துதான் வேண்டும் என்பதால், ஃபாண்ட் அளவை இரண்டு படி ஏற்றி ஈஸி மோடையும் போட்டுக் கொடுத்தேன், அதற்கப்புறம் கண்ணாடி போடாமலே மெசேஜ் படிக்கிறார். ஜரிகை வேலைப்பாடு உள்ள படத்தை எப்படியும் விரலால் விரித்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஸ்கிரீன் பெரிதாக இருப்பது வசதி. ஆனால் போனில் மணிக்கணக்கில் நாவல் படிப்பவர், பிடிஎஃப் திறந்து பாடம் படிக்கும் காலேஜ் பிள்ளை என்றால் இதை வாங்காதீர்கள். இன்னும் இரண்டு மூவாயிரம் சேர்த்து ஃபுல் எச்டி ஸ்கிரீனுக்குப் போய்விடுங்கள்.

கேமரா பின்னால் இரண்டு. 50 மெகாபிக்சல் ஒன்று, 2 மெகாபிக்சல் ஒன்று. இரண்டாவதை எண்ணிக்கையில் சேர்க்கவே வேண்டாம், 50 மட்டும்தான் வேலை செய்யும் கேமரா. பகலில் தைத்து முடித்த ஜாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்ப அருமையாக இருக்கிறது. தையல்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எந்த போனாக இருந்தாலும் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து நூல் கலர் பொருத்தாதீர்கள். அரக்கும் குங்குமக் கலரும் படத்தில் ஒன்று போலத் தெரியும். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் எடுங்கள்.

பேட்டரி 5000 எம்ஏஎச். அம்மா காலையில் எடுத்தால் மறுநாள் மதியம்வரை சார்ஜரைத் தேடுவதில்லை. 25 வாட் சார்ஜிங் உண்டு, ஆனால் பெட்டியில் சார்ஜர் கிடையாது. கூட வரும் கேபிளுக்கு இரண்டு முனையும் டைப் சி, வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜரின் அகல வாயில் அது நுழையாது. 25 வாட் சார்ஜர் தனியாக வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஆக 11,499 என்பது கையில் வரும்போது பன்னிரண்டரை. கவர், டெம்பர் கிளாஸ் எல்லாம் அதற்கு மேல்தான். பட்ஜெட் போடும்போதே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், 9,999 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு கிளம்பாதீர்கள்.

5ஜிக்கு 12 பேண்ட் (அலைவரிசை) ஆதரவு இருக்கிறது, நம் ஊர் சிம்களுக்குத் தாராளம். ஆனால் ஜியோ, ஏர்டெல் இரண்டுமே 2024 ஜூலையில் விலையை ஏற்றியபோது, அளவில்லாத 5ஜியை தினம் 2 ஜிபி பிளானுக்கும் அதற்கு மேலும் என்று ஆக்கிவிட்டன. அம்மா போடுவது 1.5 ஜிபி பிளான். அதற்கு 4ஜியே போதும். 5ஜி என்ற ஒரு சொல்லுக்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை.

4 ஜிபி மாடலைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். போன் பேச, எப்போதாவது வாட்ஸ்அப் பார்க்க என்று இருக்கும் தாத்தா பாட்டிக்கு அது போதும். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் அப்டேட் வரும் போனில் ஆண்ட்ராய்டும் ஆப்களும் வருஷா வருஷம் கனத்துக்கொண்டே போகும், 4 ஜிபி மூன்றாம் வருஷம் மூச்சுவாங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொழிலுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அவசரப்படாமல் ஒரு மாதம் பொறுத்து 6 ஜிபியாகவே எடுங்கள்.