பாட் டோல்ஸில் கிராவல் சைக்கிள் வாடகை: இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம்

"எந்தப் பக்கம் போறீங்க?" என்பதுதான் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி. யாகனாவ் பள்ளத்தாக்கு வழியாக வால்கன்சே ஏரி வரை என்றேன். அடுத்து எங்கள் எடையைக் கேட்டார், அதுவும் முதுகுப் பையோடு சேர்த்து. ஜூன் மாதச் சனிக்கிழமை காலை, எங்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள். மனிதர் அவசரப்படவே இல்லை.

பவேரியாவில், மியூனிக்குக்குத் தெற்கே ஆல்ப்ஸ் மலை எழத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது பாட் டோல்ஸ். ரயில் நிலையத்திலிருந்து பழைய கடைத்தெருவில் இறங்கி, இசார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடை வந்துவிடும். ஒருவரே நடத்தும் சிறிய கடை. அவரைக் கேட்காமல் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. நானும் கணவரும் ஆளுக்கொரு சைக்கிள் எடுத்தோம். இரண்டு நாளுக்கு, ஒரு சைக்கிளுக்கு 95 யூரோ கொடுத்தோம். அடையாள அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டதோடு சரி, முன்பணம் கேட்கவில்லை.

சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள் பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும், அதே வளைந்த ஹேண்டில். ஆனால் டயர் அகலமானது, உட்காரும் வாகும் கொஞ்சம் நிமிர்ந்தது. எங்களுக்குக் கொடுத்தவற்றில் 45 மி.மீ. அகல ட்யூப்லெஸ் டயர், உள்ளே ட்யூப் கிடையாது. சின்ன ஓட்டை விழுந்தால் அடைத்துக்கொள்ள வெள்ளையான லேட்டக்ஸ் திரவம் ஊற்றியிருப்பார்கள். அது சில மாதங்களில் காய்ந்துபோகும்; காய்ந்துவிட்டால் அந்த டயரை நம்பி எங்கும் போக முடியாது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். "கேளுங்க" என்று என்னிடமும் நீட்டினார். உள்ளே இளநீர் ஆடுகிற மாதிரி ஒரு சத்தம். "இருக்கு" என்று சொல்லி மாட்டினார். கணவரின் பின்சக்கரத்தில் சத்தம் குறைவாக இருந்தது. வால்வு வழியாக ஒரு சிறிய குப்பித் திரவத்தை இறக்கிவிட்டுத்தான் காற்று அடித்தார்.

காற்று அடித்த விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எனக்கு 58 கிலோ: முன்னால் 1.7 பார் (காற்றழுத்த அளவு), பின்னால் 1.9. கணவருக்கு 84 கிலோ: 2.1, 2.4. அளவுமானியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கி, கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து, மறுபடி இறக்கினார். சென்ற ஆண்டு வேறொரு ஊரில் வாடகைக்கு எடுத்தபோது, எல்லோருக்கும் ஒரே அளவாக 4 பார் அடித்துத்தான் நீட்டினார்கள். அன்று சரளைக்கல் மேல் சக்கரம் துள்ளித் துள்ளி, சாயங்காலம் கை மரத்துப்போய் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்க முடியவில்லை. இந்த வகைச் சைக்கிளில் சஸ்பென்ஷன் என்று தனியாக எதுவும் இல்லை, டயருக்குள் இருக்கும் காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த அரை மணி நேரத்துக்கே 95 யூரோ தகும்.

சரி, பாதைக்கு வருகிறேன். டோல்ஸிலிருந்து லெங்க்ரீஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர், இசார் கரையை ஒட்டிய சரளைப் பாதை. கிட்டத்தட்ட சமதளம், உடம்பு சூடாக ஏற்ற தூரம். நடப்பவர்கள் நிறைய இருப்பார்கள். பவேரியாவின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட பாதைகளில் நடப்பவருக்கே முன்னுரிமை, அதனால் தூரத்திலேயே மணி அடித்து, வேகம் குறைத்து, அந்தப் பக்கத்து வணக்கமான 'சேர்வுஸ்' ஒன்று சொல்லிக் கடப்பதுதான் முறை. சொன்னால் சிரித்துக்கொண்டே ஒதுங்குகிறார்கள்.

லெங்க்ரீஸைத் தாண்டி யாகனாவ் பக்கம் திரும்பியதும் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. கார்களுக்குத் தனியாகத் தார்ச்சாலை போகிறது. அதை விட்டுக் காட்டுக்குள் ஏறும் சரளைச் சாலைகளில்தான் கடைக்காரர் எங்களை அனுப்பினார். மர லாரிக்காகப் போட்ட சாலைகள் இவை. சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பரப்பி, உருளையால் அழுத்தி, நடுவில் கொஞ்சம் மேடாக விட்டிருப்பார்கள், மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடட்டும் என்று. ஏற்றங்களில் குறுக்கே வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். அதைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டிக்கொள்ளும், நேராகத்தான் கடக்க வேண்டும். மாடு மேயும் இடங்களில் கம்பி வரிசை போட்ட பள்ளமும் அப்படித்தான். சில இடங்களில் கதவு இருக்கும். திறந்தால் மறக்காமல் மூடிவிட்டுப் போங்கள். இதையெல்லாம் கடைக்காரரே ஒரு தாளில் பென்சிலால் வரைந்து கொடுத்தார். கைபேசி வரைபடத்தில் இல்லாத ஒரு விஷயமும் அதில் இருந்தது: எந்த வளைவுக்குப் பிறகு புதுக் கல் கொட்டியிருக்கிறார்கள் என்று.

அந்த வளைவைத் தாண்டியதும்தான் எனக்கு டயர் வெட்டியது. புதிதாக உடைத்த கல், விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. 'ஸ்ஸ்' என்று சத்தம், முழங்காலில் வெள்ளைத் துளிகள். இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றி, வெட்டுப்பட்ட இடம் கீழே வரும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். திரவம் அந்த இடத்தில் நுரைத்து, மெதுவாகக் கெட்டியாகி, சத்தம் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. காலையில் காதோரம் குலுக்கிப் பார்த்ததன் அருமை அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

ஆனால் ஒரு குறை இங்கேயே தெரிந்தது. கடை கொடுத்த பையில் கைப்பம்பும் ஒரு உதிரி ட்யூபும் இருந்தன. பெரிய வெட்டை அடைக்கும் ரப்பர் திரி இல்லை. என்னுடைய வெட்டு இன்னும் இரண்டு மி.மீ. நீண்டிருந்தால் அந்தத் திரவம் போதாது. கை முழுக்கப் பிசுபிசுப்போடு ட்யூப் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். ட்யூப்லெஸ் டயரோடு சைக்கிள் கொடுப்பவர் திரியும் கொடுக்க வேண்டும். சில யூரோ சாமான்தான்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது: கியர். முன்னால் செயின் ஓடும் பல்சக்கரம் ஒன்றே ஒன்று, 40 பல். பின்னால் இருப்பவற்றில் பெரியது 42 பல். ஆற்றங்கரைக்கு இது தாராளம். காட்டுச் சாலை 12, 14 சதவீதம் என்று நிமிரும்போது போதவே போதாது. சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கவும் முடியாது. பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, பிடிப்பு விட்டுச் சுழலும். உட்கார்ந்தபடியே மெல்ல மிதிக்கத்தான் சின்ன கியர் வேண்டும். பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் இரண்டு இடங்களில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். முன்னால் 30, 46 என்று இரண்டு பல்சக்கரமும் பின்னால் 34 பல்லும் இருந்தால் இதே ஏற்றம் கொஞ்சம் லேசாகியிருக்கும். அல்லது பின்னால் 51 பல் வரை உள்ள அடுக்கு. மலையடிவாரத்தில் வாடகைக்கு விடும் கடையில் இதை எதிர்பார்ப்பது நியாயம்தான்.

யாகனாவ் கிராமத்துக்குப் பிறகு நீடர்னாக். ஏரியின் கிழக்கு மூலை. மரங்களுக்கு நடுவிலிருந்து திடீரென்று வால்கன்சே வருகிறது, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 190 மீட்டர் ஆழம். ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீர் இங்கிருந்து யாகன் ஓடையாக வழிந்து, நாங்கள் ஏறிவந்த பள்ளத்தாக்கு வழியே இசாரில் சேர்ந்தது. 1924-ல் நீர்மின் நிலையம் வந்த பிறகு, தண்ணீரை எதிர்ப்பக்கமாக, சுமார் 200 மீட்டர் கீழே உள்ள கோகல் ஏரிக்கு விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். நீடர்னாக்கில் இருக்கும் தடுப்பணையைப் பார்த்தால், வழியெல்லாம் கூடவே வந்த ஓடை ஏன் அவ்வளவு மெலிந்திருந்தது என்று விளங்கும். கல்லில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டேன். ஜூன் மாதத்திலும் எலும்பு வரை குளிர். அங்கே ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் இருந்தோம். போகவர ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

இரவு பெய்த மழை விட்டபின் மறுநாள் கிளம்பினோம். பாட் ஹைல்புரூன் வழியாகப் பெனடிக்ட்பாயர்ன் மடம், அப்புறம் கோகல் ஏரிக்கு வடக்கே உள்ள சதுப்பு நிலம். போடன்சே ஏரியிலிருந்து கோனிக்சே ஏரி வரை ஆல்ப்ஸ் அடிவாரமாகவே போகும் நீண்ட சைக்கிள் பாதையின் ஒரு துண்டு இது. வழிப்பலகைகள் தெளிவாக இருக்கின்றன. ஏற்றம் குறைவு, அதனால் கியர் பிரச்சினை இல்லை. சதுப்பு நிலத்தில் பாதையை விட்டு இறங்காதீர்கள், தரையில் கூடு கட்டும் பறவைகள் உண்டு. மழையில் நனைந்த சுண்ணாம்புத் தூள் வெள்ளைக் கூழாகி, சைக்கிள் முழுக்க, பற்களுக்கு நடுவில்கூட அப்பிக்கொண்டது. செயின் கரகரவென்று அரைத்தது. பிரேக் மட்டும் கடைசி வரை ஒரே மாதிரி பிடித்தது. கடைக்காரர் புதுக் கட்டை போட்டிருந்தார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெடலும் காலணியும் உங்களுடையதையே கொண்டுபோங்கள், கடையில் சாதாரண பெடல்தான். மியூனிக்கிலிருந்து வரும் ரயில் வழியில் ஹோல்ட்ஸ்கிர்ஹனிலும் ஷாஃப்ட்லாக்கிலும் பெட்டிகளைப் பிரிக்கும். லெங்க்ரீஸ் என்று எழுதிய பெட்டியில் ஏறுங்கள், இல்லையென்றால் டேகர்ன்சே ஏரிக்கோ பைரிஷ்ட்செல்லுக்கோ போய் இறங்குவீர்கள்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது கழுவும் கூலி என்று எதுவும் கேட்கவில்லை. என் டயரைக் கையால் தடவி, வெட்டைக் கண்டுபிடித்து, இடுக்கியால் ஒரு கல் சில்லை வெளியே எடுத்தார், அரிசி மணி அளவுதான். திரி இல்லாததையும் கியரையும் சொன்னேன். மறுக்கவில்லை, மேசையில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டார். செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மறுபடி இரண்டு சைக்கிள் சொல்லி வைத்திருக்கிறேன். என் சைக்கிளில் முன்னால் 36 பல் சக்கரம் மாட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.