புதுச்சேரியை நடந்து பார்த்தல்: வழிகாட்டி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டணம் செலுத்தி வழிகாட்டியோடு நடக்கிறார்கள், அல்லது கைபேசி வரைபடத்தை நம்பித் தாமாகவே நடக்கிறார்கள், அல்லது மிதிவண்டியிலோ ரிக்‌ஷாவிலோ ஒரு சுற்று வந்துவிடுகிறார்கள். இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு நகரம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு விடை என்றால், மேற்கே அதற்கு நேர்மாறான விடை.

வாய்க்காலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பிரெஞ்சுப் பகுதிக்கு வழிகாட்டி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வீதிகள் நேர்கோடாக ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், புதிதாக வருகிறவர்கூட அங்கே வழி தவறுவது அரிது. 1836-இல் கட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம், பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் ஆகிய அனைத்தும் சிறு நடையில் கண்ணில் படுபவை. மாளிகைகளோ உயர்ந்த மதிலுக்கும் பெரிய வாயிற்கதவுக்கும் பின்னால் இருப்பவை. அவற்றில் பலவற்றை வழிகாட்டியும் வீதியில் நின்றுதான் காட்டுவார். 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர் என்பதையும், இன்று நாம் காணும் பிரெஞ்சுக் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை என்பதையும் முன்பே படித்துக்கொண்டு போனால், அந்த வீதிகளைத் தனியாகவே நன்றாகப் பார்த்துவிடலாம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், நடப்பவருக்கு அது இன்னும் வசதி.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. கடைகளும் பெயர்ப்பலகைகளும் மின்கம்பிகளும் வண்டிகளும் நிறைந்த தமிழர் பகுதியில், எதைப் பார்ப்பது என்று சொல்ல ஒருவர் இல்லையென்றால், ஒரு நூற்றாண்டைத் தாண்டிய வீட்டின் எதிரிலேயே நின்று அதைக் கவனிக்காமல் போய்விடுவோம். வைசியாள் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்க வீதியோரமாக மரக்கால்களின் மேல் இறக்கிய தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு, உள்ளே வானம் பார்த்த முற்றம் எனத் தரைத்தளம் முழுவதும் தமிழ் வீடாக இருக்கும். அண்ணாந்து பார்த்தால் மாடியில் வளைவுச் சன்னல்களும் சுதை வேலை செய்த தூண்களும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கும். வீதியில் போகிறவரை வரவேற்ற தாழ்வாரம் எந்த வீட்டில் எஞ்சியிருக்கிறது, எந்த வீட்டில் இடிக்கப்பட்டுச் சுவரில் தடமாக மட்டும் நிற்கிறது என்பதைச் சுட்டிக்காட்ட, அந்த வீதியை அறிந்த ஒருவர் வேண்டும். அரிதாகச் சில வீட்டுக்காரர்கள் முற்றம் வரை அழைத்துச் சென்று காட்டுவதும் அவர் முகத்துக்காகத்தான்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் முகவருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை சந்தைக்கு அருகில் நெரிசலுக்குள் ஒடுங்கி நிற்கிறது; கீழே மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு, அன்றைய புதுச்சேரியை நம் மொழியில் நமக்குத் தருகிறது. மிஷன் வீதியில் இன்று கத்தோலிக்கப் பேராலயம் நிற்கும் இடத்துக்கு அருகில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்ட செய்தியையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த நிகழ்வை அந்த இடத்திலேயே நின்று பொறுப்பாக எடுத்துச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால், கொடுத்த கட்டணம் அங்கேயே ஈடாகிவிடுகிறது. இதை எந்த வரைபடமும் தராது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. நடை வாய்க்காலைக் கடக்குமா, தமிழர் பகுதியிலும் காஜி வீதி, முல்லா வீதிப் பக்கம் உள்ள முஸ்லிம் பகுதியிலும் எவ்வளவு நேரம் செலவிடப்படும், குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள், விளக்கம் தமிழில் கிடைக்குமா என்பன முக்கியமானவை. பத்துப் பேருக்கு மேல் போனால் குறுகிய நடைபாதையில் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் கேட்காது. மஞ்சள் சுவர்களின் முன் படம் எடுக்க நிறுத்தி நிறுத்திக் கூட்டிச் செல்லும் நடைகளைத் தவிர்த்துவிடலாம். அந்த இடங்களை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

கைபேசியில் கேட்கும் ஒலிவழி விளக்கம் அமைதியான துய்மா வீதிக்குப் பொருந்தும். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் நன்மை. சந்தை வீதிகளில் காதை அடைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து, கேள்வி கேட்டால் பதிலும் வராது. மிதிவண்டி விடியற்காலைக்கு மட்டும் சரி. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு வருகிறவர்களுக்குப் பிரெஞ்சுப் பகுதியில் ரிக்‌ஷாவே தக்கது. மேடு பள்ளம் இல்லாத தெருக்கள் அவை.

ஒரே நாள் மட்டும் கையில் இருப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் வழிகாட்டியோடு தமிழர் பகுதியைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளட்டும். பாரதியார் வாழ்ந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீட்டையும் பெருமாள் கோயில் வீதியில் உள்ள பாரதிதாசன் இல்லத்தையும் அவை திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் பகுதியை மாலைக்கு வைத்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் நிதானமாக நடக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் மழையால் நடை ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.